பழைய கப்பல், பல கரைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆபத்து என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவிலோ கடலை வேண்டுமென்றே உள்ளே விடுவார்கள். அடித்தொட்டிகளில் நீரை நிரப்பியதும் கப்பலின் பின்புறம் தாழும். பின்கதவைத் திறந்தால் வயிற்றுப் பகுதி ஒரு குளமாகிவிடும். உள்ளே நிற்கும் தரையிறங்கு படகுகள், வீரர்களோடும் வண்டிகளோடும் மிதந்து வெளியேறிக் கரைக்குப் போகும். துறைமுகமே இல்லாத கடற்கரையிலும் படையை இறக்கலாம். சுனாமி நேரத்தில் இப்படியொரு கப்பல் இல்லாத குறையைக் கடற்படை நன்றாகவே உணர்ந்தது.

2007இல் வாங்கியபோது இது புதுக்கப்பல் அல்ல. 1971 முதல் 'டிரென்டன்' என்ற பெயரில் அமெரிக்காவிடம் இருந்தது. 1991 ஜனவரியில் சோமாலியாவின் மொகதிஷு நகரில் அமெரிக்கத் தூதரகம் உள்நாட்டுச் சண்டையில் சிக்கிக்கொண்டபோது, அங்கிருந்தவர்களை மீட்க முதலில் பறந்த ஹெலிகாப்டர்கள் இதன் மேல்தளத்திலிருந்துதான் கிளம்பின. 2006இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலிருந்தும் மக்களை ஏற்றி வந்தது.

முப்பத்தாறு வயதான கப்பலுக்கு ஏறத்தாழ 4.8 கோடி டாலரா என்று கேட்டவர்கள் உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் இந்தக் கொள்முதலைக் குறை சொன்னார். 2008 பிப்ரவரியில் கப்பலுக்குள் நச்சுவாயு கசிந்து ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கேள்விகளை நான் ஒதுக்கவில்லை. ஆனாலும் வாங்கியது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் 2020.

கொரோனாவால் விமானங்கள் நின்றிருந்த காலம். மே மாதம் மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சியில் இறக்கியது ஜலாஷ்வா. ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது. சில நாளில் மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து மறுபடியும் தூத்துக்குடி. ஜூலை முதல் தேதி ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர் அதே துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அங்கே கூலிக்குப் படகேறியவர்கள். ஆயிரம் வீரர்கள் தங்கும் கப்பலில், இடைவெளி விட்டு எழுநூறு பேர்! இந்த வேலைக்குப் பின்கதவும் தேவைப்படவில்லை, குளமும் தேவைப்படவில்லை. வயிற்றில் இடம் இருந்தது, அது போதுமாயிருந்தது.

இப்போது அதற்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இதே வகையில் நான்கு புதுக்கப்பல்களை உள்நாட்டிலேயே கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இழுத்துக்கொண்டு போனது. அதனால் விசாகப்பட்டினத்தில் இந்தப் பழைய கப்பலைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

வணக்கம்.