கடை ஓடுகிறதா, நடக்கிறதா?

வணக்கம் நேயர்களே.

சில வருடங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘என் குடும்பம்’ என்பது தலைப்பு. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘மை ஃபாதர் ஸ்பிரின்ட்ஸ் எ குரோசரி ஷாப்.’ மளிகைக் கடைக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டை, பருப்பு டின் சகிதம் நூறு மீட்டர் பந்தயத்தில் பாய்கிற காட்சி என் கண்முன் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

‘முதல்ல ரன்ஸ்னுதான் சார் எழுதினேன். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போன்ல வேற வார்த்தை தேடினேன், ஸ்பிரின்ட்னு வந்துச்சு.’

தப்பு என் பேரில்தான். இணைச்சொல் என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டலாம், பல்பு மாற்றுகிற மாதிரி, என்று பாடம் நடத்தியவன் நான்.

இந்த ‘ரன்’ இருக்கிறதே, எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்துக்காக பீட்டர் கிலிவர் என்ற அகராதியாளர் இந்த ஒற்றைச் சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 2011-இல் அந்த வேலை வெளிவந்தபோது வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. அந்த அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் நிறைவடைந்தபோது இடத்தை அதிகம் அடைத்துக்கொண்ட சொல் ‘செட்’. ஒன்றை ஓரிடத்தில் வைக்கிற சொல். ரன் அதை முந்தியதற்கு இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். நீராவி எஞ்சின், ரயில், மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் வரை எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன. கால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

கால் இல்லாமல் ஓடுவது புதிதும் அல்ல. ரன்னுக்கு உறவான ஜெர்மன் சொல் ‘ரின்னன்’. தண்ணீர் வழிந்தோடுவதைத்தான் அது குறிக்கும். நமக்கும் இது பழக்கம்தான். ஆறு ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்கிறோம். கடலில் யார் காலால் ஓடினார்கள்?

இன்னொரு ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு உண்டு. வண்டி தானாக நகர்ந்தால் ஓடுகிறது, நாம் நகர்த்தினால் ஓட்டுகிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தானாக ஓடுவதற்கு ஒரு சொல், செயப்படுபொருளோடு வருவதற்கு ஒரு சொல் என்று இரண்டு இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ரன் ஆகிவிட்டது. அதனால்தான் பேருந்தும் ரன், பேருந்து விடுகிற முதலாளியும் ரன்.

சரி, இணைச்சொற்களுக்கு வருவோம். ஸ்பிரின்ட் என்றால் கொஞ்ச தூரத்துக்கு முழு வேகம். ஜாக் என்பது காலையில் பூங்காவில் பார்க்கிற ஓட்டம். அந்தச் சொல்லுக்குக் குலுக்குவது, லேசாகத் தட்டுவது என்றும் பொருள் உண்டு. மறந்ததை நினைவூட்டுவதற்கு அதே சொல் வருவது அதனால்தான். நம் ஊர் ‘ஓட்டமும் நடையுமாக’ இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதில் ஓர் அவசரம் இருக்கிறது, ஜாகிங்கில் அது கிடையாது. போல்ட் என்றால் மிரண்ட குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுவது. வில்பொறியிலிருந்து பாயும் குட்டை அம்புக்கும் அதே பெயர். உசைன் போல்ட்டுக்கு அந்தப் பெயர் அமைந்தது தற்செயல்தான், என்றாலும் என்ன பொருத்தம்! ஃப்ளீ என்றால் பயந்து தப்பி ஓடுவது. இவை எல்லாம் காலால் ஓடுகிற ரன்னுக்கு மட்டுமே உறவு. மளிகைக் கடை ரன்னுக்கு இவற்றில் ஒன்றுகூட ஒட்டாது.

பிறகு அந்த ரன்களை எப்படிப் பிடிப்பது? நான் செய்வது, ஓடுவது எது என்று பார்த்துவிட்டு, அதற்குத் தமிழில் என்ன சொல்வோம் என்று யோசிப்பது. படம் நூறு நாள் ஓடியது, பந்த் அன்று பஸ் ஓடவில்லை. இவை அங்கும் ரன், இங்கும் ஓட்டம். சில இடங்களில் பாதை பிரியும். ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், தமிழில் ஒழுகும். அங்கே காய்ச்சலை ஒருவர் ‘ரன்’ பண்ணுவார், இங்கே காய்ச்சல் அடிக்கும். துவைத்த சட்டையில் அங்கே சாயம் ஓடும், இங்கே சாயம் போகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டன்காரர் நிற்பார். நம் வேட்பாளர்களும் நிற்கிறவர்கள்தான். வயிற்றுக் கோளாறைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அது ‘த ரன்ஸ்’, இலங்கைத் தமிழில் வயிற்றோட்டம். தமிழ்நாட்டில் நமக்கு வயிற்றுப்போக்கு, ஓடாமல் போகிறது.

கிரிக்கெட்டில் ரன்னை வானொலி வர்ணனையில் ‘ஓட்டங்கள்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இலங்கைப் பத்திரிகைகளில் இன்றும் ஓட்டங்கள்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மட்டையாளர் நின்ற இடத்தில் நின்று கையுறையைச் சரிசெய்கிறார். ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நான்கு ஓட்டம். அதையும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அந்த மாணவி. ஸ்பிரின்ட்ஸை அடித்துவிட்டு ரன்ஸ் என்றே எழுதச் சொன்னேன். எழுதினாள். போகவில்லை, நின்றாள்.

‘கடை நடத்துறார்னா வேற, ஓட்டுறார்னா வேற இல்லையா சார்? இதுல எப்படித் தெரியும்?’

தெரியாதுதான். ஆங்கிலக்காரர் ஓட்டுகிற கடையை நாம் நடத்துகிறோம், அதாவது நடக்கவைக்கிறோம். ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதில் வேகம் எதுவும் இல்லை. கல்லா நிறையவில்லை, ஆனாலும் கதவைச் சாத்தவில்லை என்று அர்த்தம்.

‘உங்க அப்பா நடத்துறாரா, ஓட்டுறாரா?’ என்று கேட்டேன்.

‘எதிர்ல பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துடுச்சு சார். ஓட்டுறார்.’

கொஞ்சம் யோசித்து, ‘கீப்ஸ் த ஷாப் கோயிங்’ என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

‘கோன்னா போறதுதானே சார்? கடை எங்கேயும் போகலையே!’