சந்தேகமும் விளக்கமும்: நான் தேடுகிறவளா, பொழுது போக்குகிறவளா?

இந்தச் சீட்டு போன வாரமே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் படித்தேன். அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் வரிசையில் இருக்கிற மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுக்கிறேன். விரதத்தைப் பற்றிக் கேட்டவர் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுடையது அடுத்து வரும்.

அப்படியே வாசிக்கிறேன். “ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். உங்கள் உரைகளைக் கேட்கிறேன், மற்றவர்களுடையதையும் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை கீதை வகுப்பு, வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு. போன மாதம் என் மகள், ‘எதைத்தாம்மா தேடுறீங்க?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நான் உண்மையிலேயே தேடுகிறவளா, இல்லை பொழுது போக்குகிறவளா?”

அம்மா, இந்தச் சீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் என்னிடம் கேட்டது. இன்னொன்று உங்கள் மகள் உங்களிடம் கேட்டது. உண்மையைச் சொன்னால் மகள் கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் சீட்டு எழுதியவர் நீங்கள். உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

‘அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் கூச்சம் தெரிகிறது. துக்கம் வந்ததால் சாமி பக்கம் திரும்பியவள் எப்படித் தேடுகிறவள் ஆவாள் என்ற கூச்சம். அது வேண்டாம். நீங்கள் செவ்வாய்க்கிழமை படிக்கிற அதே கீதையில், ஏழாவது அத்தியாயத்தில், என்னிடம் நான்கு வகையானவர்கள் வருகிறார்கள் என்று கண்ணன் சொல்கிறான். துன்பத்தில் இருப்பவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. நான்கு பேரில் ஞானிதான் தனக்கு மிகவும் பிரியமானவன் என்று சொல்கிறான். அதைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுகிறோம். அதற்கு அடுத்த சுலோகத்தில், இவர்கள் எல்லோருமே உயர்ந்தவர்கள்தான் என்கிறான். அதை யாரும் சொல்வதில்லை. பட்டியலில் முதலில் நிற்கிறவன் யார் தெரியுமா? துன்பத்தில் இருப்பவன்.

இதை நம் ஊர்ப் படித்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தைப்பூசம் வந்தால் ஒரு பேச்சு வரும். பத்துமலையில் 272 படி காவடியோடு ஏறுகிறவர்களைப் பார்த்து, “இவங்களுக்குத் தத்துவம் ஏதாவது தெரியுமா?” என்பார்கள். பினாங்குத் தண்ணீர்மலையில் படி 500-க்கும் மேலே. பிள்ளைக்கு உடம்பு நேராக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு பால்குடத்தோடு ஒரு தாய் அதில் ஏறுகிறாள். கண்ணன் அவளை வரிசையில் சேர்த்துவிட்டான். கையில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு வெளியே தள்ளுவதற்கு நாம் யார்?

சரி. அப்படியானால் எல்லோருமே தேடுகிறவர்களா? இல்லை. இங்கேதான் கிழட்டுப் பசு வருகிறது.

பழைய ஆட்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. எங்கே தொடங்கினாலும் இந்த மனிதர் கடைசியில் மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள். புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக இன்னொரு தடவை.

கடோபநிஷதத்தில் நச்சிகேதன் கதை. அவனுடைய அப்பா பெரிய யாகம் செய்கிறார். கையில் இருப்பதையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட வேண்டிய யாகம். பசுக்களைத் தானமாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பையன் பார்க்கிறான். குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்ட பசு, தின்ன வேண்டிய புல்லைத் தின்று முடித்துவிட்ட பசு, கறவை வற்றிப்போன பசு. இனிக் கன்றும் போடாது. அப்பா தனக்கு உதவாததை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு அதற்குத் தானம் என்று பெயர் வைக்கிறார். பையனுக்கு உறுத்துகிறது. “அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப்போறீங்க?” என்கிறான். அப்பா பேசவில்லை. மறுபடி கேட்கிறான். மூன்றாவது தடவை கேட்டதும் அவருக்குக் கோபம் வந்து, “உன்னை எமனுக்குக் கொடுத்தேன் போ” என்கிறார்.

பையன் போய்விட்டான்! எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வாசலில் காத்திருக்கிறான். எமன் வந்து பார்த்துப் பதறி, மூன்று இரவுக்கு மூன்று வரம் தருகிறான்.

மரணத்துக்குப் பிறகு என்ன என்ற பெரிய கேள்வி இந்தக் கதையில் வருகிறது, எல்லோரும் அதற்காகத்தான் இதைப் படிக்கிறார்கள். நான் ஏன் திரும்பத் திரும்ப மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? அந்தப் பையனுடைய தேடல் அங்கேதான் தொடங்கியது. அவன் ஆகாயத்தைப் பார்த்து உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தன் வீட்டு வாசலில் நடக்கிற ஒரு பொய்யைப் பார்த்தான். அதுவும் அப்பாவுடைய பொய். பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க அவனால் முடியவில்லை. எமன் வீடு வரைக்கும் அவனைக் கொண்டுபோனது அந்த உறுத்தல்தான்.

இப்போது மூன்றாவது வரத்தைப் பாருங்கள். செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். எமனுக்குச் சொல்ல மனமில்லை. தேவர்களுக்கே இதில் சந்தேகம் உண்டு, வேறு ஏதாவது கேள் என்கிறான். நூறு வயது வாழ்கிற பிள்ளை பேரன், மாடு, யானை, குதிரை, தங்கம், நிலம், தேரோடும் வாத்தியங்களோடும் வருகிற பெண்கள், எல்லாம் தருகிறேன் என்கிறான். பையன், “உங்கள் குதிரையும் ஆட்டமும் பாட்டும் உங்களிடமே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அதே கேள்வியில் நிற்கிறான். பிறகு எமனே மகிழ்ந்துபோய், உன்னைப் போலக் கேட்கிறவர்கள் எங்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறான். எமன் வாயில் வருகிற வார்த்தை இது! கேள்விச் சீட்டு படிக்கிற வேலையில் இருக்கிற எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

என் கணக்கில் தேடுகிறவருக்கு இதுதான் அடையாளம். வருகிற பதில் தனக்குப் பிடிக்காததாக இருக்கும் என்று தெரிந்தாலும் கேள்வியை மாற்றிக்கொள்ளமாட்டார். எத்தனை வகுப்பு, எத்தனை குரு, எத்தனை மணி நேரத் தியானம் என்ற கணக்கெல்லாம் அப்புறம்.

பினாங்கில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், கைநிறைய உதவி செய்வார். வருடந்தோறும் திருவண்ணாமலை போய்க் கிரிவலம் வருவார். எந்த சுவாமி எந்த ஊரில் எந்தத் தேதியில் பேசுகிறார் என்று அவரைக் கேட்டால் தெரியும். அத்வைதம் பேச ஆரம்பித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவு படிப்பு. ஆனால் கூடப்பிறந்த அண்ணனோடு பல வருடமாகப் பேச்சில்லை. பட்டர்வொர்த்தில் இருக்கிற அப்பா வீட்டை யார் எழுதி வாங்கிக்கொண்டது என்பதில் தகராறு. ஒரு நாள் பசியாறிக்கொண்டிருந்தபோது மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். “அது லௌகீகம் ஐயா, நான் பேசுறது ஆன்மிகம்” என்றார். இட்லியை அப்படியே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ அபச்சாரம் செய்துவிட்ட மாதிரி.

வாசலில் கிழட்டுப் பசு நிற்கிறது, இவர் பின்வாசல் வழியாக எமனைப் பார்க்கப் போகிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வகுப்பும் யாத்திரையும் ரொம்ப நல்ல மறைவிடங்கள், அவ்வளவுதான். அங்கே போய் உட்கார்ந்துகொண்டால், ஏன் ஒளிந்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாலை போட்டு மரியாதை செய்வார்கள்.

ரமணர் தேடவே இல்லையே, உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்ததே என்று ஒருவர் பின்வரிசையிலிருந்து சொல்கிறார். ஆமாம். 1896-ல் மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்த பதினாறு வயதுப் பையன். திடீரென்று சாகப்போகிறோம் என்று பயம் வருகிறது. நாமாக இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டிருப்போம். அவர் பிணம் மாதிரிப் படுத்துக்கொண்டு, சாகிறது எது என்று பார்த்தார். வந்த பயத்தை விட்டு ஓடவில்லை, அதையே பார்த்தார். நான் சொல்கிறதும் அதுதானே?

இன்னொன்று. வகுப்பு நாளில்தான் தேடல் நடக்கிறது என்ற எண்ணம் உங்கள் சீட்டில் கொஞ்சம் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி. அதற்காகத்தான் நம் மண்ணில் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். பத்தமடைக்காரர், குப்புசாமி என்று பெயர், மருத்துவம் படித்தவர். 1913-ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. அப்புறம் ஜொகூர். மொத்தம் பத்து வருடம் இங்கேதான். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து வாசனை, வாசல் திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காய்ச்சல்காரர்கள், லயத்திலிருந்து பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது. நான் சிரம்பான் பக்கம் காரில் போகும்போது வெளியே பார்த்துக்கொண்டே போவேன். ரப்பர் போய் எல்லாம் செம்பனையாகிவிட்டது. எந்தத் தோட்டத்தில் அவர் நடந்தாரோ.

அவர் 1923-ல் திரும்பிப் போனார். அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் துறவு வாங்கினார். சிவானந்தர் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். 1936-ல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு இங்கே பத்துமலைப் பக்கத்திலேயே ஆசிரமம் இருக்கிறது, உங்களில் பலர் போயிருப்பீர்கள். துறவு வாங்கிய பிறகு என்ன செய்தார்? குகைக்குள் உட்கார்ந்தாரா? 1927-ல் கைக்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தில் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் வைத்தார். இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்த துறவி! எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். மலாயாவில் பார்த்த அதே வேலையை அங்கேயும் பார்த்தார். அவருக்குச் செவ்வாய் வெள்ளி என்று தனியாக நாள் இல்லை. நோயாளி வந்தால் அதுதான் வகுப்பு.

இப்போது மகள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் தேடுகிறவளா என்று நீங்கள் கேட்டீர்கள். அது உங்களைப் பற்றிய கேள்வி. ஆமாம் என்றால் சந்தோஷம், இல்லை என்றால் வருத்தம், அதோடு முடிந்துவிடும். எதைத் தேடுகிறீர்கள் என்பது அப்படி இல்லை. பாருங்கள், ஒரு மாதமாக உங்களால் அதைத் தாண்ட முடியவில்லை. பொழுது போக்குகிறவராக இருந்தால் அன்றைக்கே மறந்துபோய்ச் சீரியல் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், பொழுது போக்குகிறவர் இல்லை. அது முடிந்தது.

ஆனால் மகள் ஏன் கேட்டாள் என்று யோசித்தீர்களா? ‘எதைத்தாம்மா தேடுறீங்க’ என்று வீட்டுக்குள் ஒருவர் கேட்டால், அது தத்துவ விசாரணையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நான் இங்கேதானே இருக்கிறேன் என்ற ஒரு சத்தமும் அதற்குள் இருக்கலாம். உங்கள் சீட்டில் கணவர் தவறிவிட்டார் என்று இருக்கிறது. அதே நாளில் ஒரு பெண்ணுக்கு அப்பா தவறினார். அது சீட்டில் இல்லை. நான் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன்.

எனக்கு உங்கள் வீடு தெரியாது. நீங்கள் இருவரும் அவரைப் பற்றித் தினமும் பேசிக்கொள்கிறவர்களாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நான் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால், அம்மா, நச்சிகேதன் கேட்ட முதல் வரம் என்ன என்று இதுவரைக்கும் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எமன் எதிரில் நிற்கிறான், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பையன், என் அப்பாவுடைய கோபம் தணியட்டும், நான் திரும்பிப் போகும்போது அவர் என்னை அடையாளம் கண்டு சந்தோஷமாகப் பேசட்டும் என்று கேட்டான். ஆத்மா மூன்றாவதாகத்தான் வந்தது.

வகுப்பை விடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தாராளமாகப் போங்கள். ஆனால் ‘பதில் சொல்ல வரவில்லை’ என்று என்னிடம் எழுதினீர்களே, அதையே மகளிடம் சொல்லுங்கள். “தெரியலம்மா, நீ ஏன் கேட்டே?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாதீர்கள். ஆசிரியையாக இருந்தவருக்கு அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு ஆசிரியை இருக்கிறார். அவள் சொல்கிற பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம், அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

குரு அவசியமா என்று ஓரத்தில் சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் போன தீபாவளிக்கு முன்னால் விரிவாகப் பேசியிருக்கிறேன், அதைப் பாருங்கள்.

தம்பி, அந்த விரதக் கேள்வியை எடுங்கள். கிள்ளான்காரர் ரொம்ப நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.