நல்ல ஜீபிஏ இருக்கும்போது ஆய்வுகூடம் எதற்கு?

அடுத்த கேள்வி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். "சேர், எனக்கு நல்ல ஜீபிஏ (பாடப் பெறுபேறுகளின் சராசரி) இருக்கிறது. நாலாம் வருடம் இருந்து ஆய்வு செய்யத்தான் வேண்டுமா? மூன்று வருடத்தோடு முடித்துக்கொண்டு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் போனால் என்ன?"

முதலில் சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டங்களை மட்டம் மட்டமாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நாலு வருடப் பட்டத்தைத்தான் எதிர்பார்க்கும். சரி, அது கிடக்கட்டும்.

பரீட்சையில், விடை ஒன்று இருக்கிறது என்று தெரிந்துதானே எழுதுகிறோம்? ஆய்வில் அந்த உத்தரவாதமே இல்லை. நான் நாலாம் வருடத்தில் கொழும்பிலுள்ள பேர வாவித் தண்ணீரில், பாசிக்கு உரமாகும் பொஸ்பேற்றை அளந்தேன். ஒரு கட்டத்தில் அளவுகள் திடீரென்று இறங்கின. வாவி சுத்தமாகிவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம். மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "மாதிரிகளை எங்கே வைத்தீர்?" வடிகட்டவும் இல்லை, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் இல்லை, இரவு முழுக்க மேசையில் விட்டிருந்தேன். போத்தலுக்குள் இருந்த பாசி பொஸ்பேற்றை உறிஞ்சிவிட்டது. மூன்று கிழமை வேலை போச்சு. வாவி வழமைபோலப் பச்சையாகத்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான். அன்றன்று செய்ததைக் கொப்பியில் எழுதும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. எம்பில் என்ற ஆய்வுப் பட்டத்தைத் தொடங்கியபோது மற்றவர்கள் பட்ட பாட்டில் பாதியை நான் ஏற்கெனவே பட்டு முடித்திருந்தேன்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கேட்கும். விரிவுரையில் மட்டும் உங்களைக் கண்டவர் 'கெட்டிக்காரப் பிள்ளை, ஏ எடுத்தவர்' என்றுதான் எழுத முடியும். அது பெறுபேற்றிலேயே இருக்கிறதே! நீங்கள் பிழைவிட்டுத் திருத்தியதைக் கூட நின்று பார்த்தவருக்குத்தான் எழுத விஷயம் இருக்கும்.

அமெரிக்காவில் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் உதவியில் இளமாணி மாணவர்களுக்குக் கோடைகால ஆய்வுத் திட்டங்கள் நடக்கின்றன, பெரும்பாலும் 10 கிழமை. ஆனால் அந்தப் பணம் அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும்தான். எங்களுக்கு இருப்பது நாலாம் வருடம்.

அதனால் இருங்கள், தங்கச்சி. மேற்பார்வையாளரைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். போன வருடம் அவரிடம் செய்த மாணவர்களைப் பிடித்து, கிழமைக்கு ஒருமுறையாவது ஆளைக் காண முடிந்ததா என்று கேளுங்கள்.