கிணற்றடியில் ஒரு கயிறு

நேயர்களுக்கு வணக்கம். பேராவூரணிப் பக்கம் தென்னை விவசாயம் பார்ப்பவன் நான். புயலுக்கு முன் வீட்டையும் தோப்பையும் எப்படித் தயார் செய்வது என்று வானொலியில் பேசச் சொன்னார்கள். ஐப்பசி பிறந்தாலே வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஊர்க்காரனிடம் இதைக் கேட்டால் விடுவேனா?

2018 நவம்பர் 16 பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. முதல் நாள் சாயங்காலம் நானும் தயாராகத்தான் இருந்தேன். மெழுகுவத்தி, டார்ச் லைட், ரொட்டிப் பாக்கெட், செல்போனில் முழு சார்ஜ். ஒரு ராத்திரிக்கு அது போதும். ஆனால் எங்கள் தெருவுக்குக் கரண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மாவட்டம் மாவட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்தால் வேறு எப்படி?

கரண்டு இல்லை என்றால் விளக்கு எரியாது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். ஊராட்சித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார். வீட்டு போர்வெல்லுக்கும் மோட்டார். விடிந்து பார்த்தால் வாசலில் முழங்கால் தண்ணீர், குழாயைத் திறந்தால் வெறும் காற்று.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். போர்வெல் போட்ட காலத்தில் நாங்கள் எல்லோரும் கிணற்றைத் தூர்த்தோம். நானே பழைய வீட்டு இடிபாட்டைக் கொட்டித்தான் தூர்த்தேன். அவர் மட்டும் மகன்களோடு மல்லுக்கு நின்று தன் கிணற்றைக் காப்பாற்றினார். வருடா வருடம் ஐப்பசியில் புதுக் கயிறு வாங்குவார், ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் விடுவார். "எந்தக் காலத்துல இருக்கீங்க பெரியம்மா?" என்று நான் கேலி செய்ததுண்டு. அன்று காலை ஒரு முருங்கைமரம் அந்தக் கிணற்றின் மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. நாலு பேர் அரிவாளோடு போய் வெட்டி இழுத்தோம். உள்ளே இலையும் குரும்பையும் மிதந்தன. இருந்தாலும் தண்ணீர்! தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கயித்தை விளிம்புல தேய்க்காம இழுங்கடா" என்று சத்தம் போட்டார். என் முறை வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நான் ஓர் அடிபம்பு போட்டுக்கொண்டேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கரண்டு இல்லாமல் உங்கள் தெருவில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று இப்போதே பார்த்துவையுங்கள். கிடைத்ததைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அதற்குக் காய்ந்த விறகு கொஞ்சம் வீட்டுக்குள் கிடக்கட்டும். மாடித் தொட்டியைத் தளும்ப நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பினால் ஒரு டன் கனம், அசையாது. எங்களுடையது காலியாக இருந்தது, பக்கத்துத் தோப்பில் போய்க் கிடந்தது.

ஆடு மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கொட்டகை சரிந்தால் கட்டிப்போட்ட மாடு எங்கே ஓடும்?

இன்னொன்று. புயலின் கண் உங்கள் ஊர் வழியாகப் போனால், நடுவில் காற்று சட்டென்று நின்றுவிடும். இலைகூட ஆடாது. முடிந்துவிட்டது என்று கொட்டகையைப் பார்க்க வெளியே போய்விடாதீர்கள். அரை மணியிலோ ஒரு மணியிலோ எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வடக்கே இருந்து அடித்த காற்றுக்கு அசைந்து கொடுத்து நின்ற மரம், தெற்கே இருந்து வருகிற காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். அடடா, தென்னையைப் பற்றிப் பேசத்தானே வந்தேன்! சரி, வேகமாகச் சொல்கிறேன். முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், மரத்துக்குத் தலைப்பாரம் குறையும். எச்சரிக்கை வந்த பிறகு மரமேறுகிறவரைத் தேடினால் கிடைக்கமாட்டார், ஐப்பசி முதல் வாரத்திலேயே சொல்லிவையுங்கள். பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் பையில். அரிவாளும் ரம்பமும் கைக்கெட்டும் இடத்தில். தென்னை மரக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி... இல்லை, ஒரு விரல் காட்டிவிட்டார்கள். வணக்கம்.