முட்டைக்கும் வழி வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பேராற்றில் வாழும் மீனுக்கு வீடு எது என்று கேட்டால், ஓரிடத்தைச் சுட்டி விடை சொல்ல இயலாது. நீர் வற்றும் காலத்தில் ஆழமான மடுக்களில் ஒடுங்கிக் கிடக்கும் மீன், புதுவெள்ளம் வந்ததும் எதிரேறிச் சென்று சினையிடுகிறது. அதன் குஞ்சுகளோ கரை கடந்து பரவிய வெள்ளத்தில், மூழ்கிய புல்லுக்கும் புதருக்கும் இடையே இரை தேடி வளர்கின்றன. கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு, மழைக்காலத்தில் மீகாங் பேராற்றின் பெருக்கால் திசை மாறி ஏரியை நோக்கிப் பாய்கிறது. மீகாங்கில் பிறந்த குஞ்சுகளை ஏரிக்கும் அதைச் சூழ்ந்து வெள்ளத்தில் மூழ்கும் காடுகளுக்கும் கொண்டு சேர்ப்பது அந்த ஓட்டமே.

நீருக்கடியில் நடக்கும் இப்பயணத்தை எப்படி அறிகிறோம்? மீனின் வயிற்றுக்குள் சிறு கருவியை வைத்துத் தைத்து விடுவதுண்டு. அது அனுப்பும் அலையைக் கொண்டு மீனின் இருப்பிடத்தை அறியலாம்; ஆழமற்ற நன்னீரில் ரேடியோ அலையும், ஆழமான இடங்களில் ஒலி அலையும் கைகொடுக்கும். எனினும் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது செவிக்கல். மீனின் தலைக்குள் இருக்கும் இச்சிறு சுண்ணாம்புக் கல், அடிமரத்தைப் போல வளையம் வளையமாக வளர்கிறது. அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், குஞ்சுப் பருவத்தில் நாளுக்கொன்றாக விழுந்த வளையங்களைக்கூட எண்ணிவிடலாம். பாறைக்குப் பாறை, ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபட்ட அதன் அணு வகைகள், கலந்திருக்கும் விகிதம் மாறுவதால் துணையாறுகளின் நீரும் மாறுபடுகிறது. மீன் எந்த நீரில் எப்போது இருந்தது என்பது அந்த வளையங்களில் பதிந்துவிடுகிறது. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் பிறந்து அமேசானின் கழிமுகம் வரை இறங்கி மீளும் டொராடோ கெளுத்தியின் பயணம், போகவர 11,000 கிலோமீட்டருக்கும் மேல். அவற்றுள் பல தாம் பிறந்த நீருக்கே திரும்புகின்றன என்று காட்டிக்கொடுத்தது செவிக்கல்தான்.

அணை கட்டும்போது, மீன்கள் படிப்படியாக ஏறி அணையைக் கடக்க உதவும் நீர்வழியான மீன் ஏணி அமைத்தால் போதும் என்று சொல்லக் கேட்கிறோம். போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஏணி ஏறிச் செல்லும் தாய்மீனுக்கு உதவலாம். இறங்கி வரும் முட்டைக்கு உதவாது. புல்கெண்டையின் முட்டை, பொரிக்கும் வரை ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஓடும் நீரில் மிதந்தபடியே செல்ல வேண்டும். அதற்குள் அசைவற்ற நீர்த்தேக்கத்தை அடைந்துவிட்டால், அடியில் படிந்து வண்டலில் மூச்சடைத்து அழியும். ஆகவே ஏணியின் படிகளை அளப்பவர்கள், சினையிடும் இடத்துக்குக் கீழே ஆறு எவ்வளவு தொலைவு தடையின்றி ஓடுகிறது என்பதையும் அளக்க வேண்டும். அணைக்குக் கீழேயுள்ள மீன்களுக்கோ வெள்ளத்தின் பருவமும் முக்கியம். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையிலிருந்து, கெண்டைகள் சினையிடும் பருவத்தில் யாங்சி ஆறு பெருகும்படி 2011 முதல் நீர் திறந்து பார்த்து வருகிறார்கள். அதற்குப் பலன் உண்டா என்பதை, கீழே மிதந்து வரும் முட்டைகளை வலையில் ஏந்தி எண்ணி அறிகிறார்கள்.