‘முன் அனுபவம்: இல்லை’

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஹெச்.ஆர். வேலை பார்த்தவள் நான். காலேஜ் முடித்துவிட்டு நேராக வருகிற பிள்ளைகளை இன்டர்வியூ செய்வதுதான் அதில் பெரும்பகுதி. ஜூன், ஜூலை வந்தால் மேசையில் ரெஸ்யூமே குவிந்துவிடும். பெரும்பாலும் எல்லாம் ஒரே தாள்தான், பேர் மட்டும் வேறே. மேலே, சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு என்று தொடங்குகிற நாலு வரி ஆங்கிலம். கீழே, மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று ஒரு உறுதிமொழி. நடுவில் ஒரு வரி: ‘முன் அனுபவம்: இல்லை.’

ஒரு தடவை உறுதிமொழிக்குக் கீழே ‘இடம்: ஈரோடு’ என்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கோ தாராபுரம் பக்கம். “ஈரோட்டுல யார் இருக்காங்க தம்பி?” என்றேன். முழித்தான். பிரவுசிங் சென்டர்க்காரர் முன்னால் வந்துபோன யாருடைய ஃபைலையோ திறந்து, பேரையும் மார்க்கையும் மாற்றிப் பிரின்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். முப்பது ரூபாயாம். இவன் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

பி.எஸ்சி. கணிதம். மார்க் சுமார். மெர்ச்சன்டைசிங் அசிஸ்டென்ட் வேலைக்கு வந்திருந்தான். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்து வருகிற ஆர்டரை நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டமாகத் துரத்திக்கொண்டு போய்த் தேதிக்குள் கப்பல் ஏற்றுகிற வேலை அது. அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஃபைலை வாங்கும்போது அவன் விரல் மடிப்புகளில் காய்ப்புக் காய்த்திருந்தது கண்ணில் பட்டது.

“ஜிம்முக்குப் போறியா?”

“இல்லைங்க மேடம். சாம்பார் வாளிங்க.”

சனி, ஞாயிறும் முகூர்த்த நாளும் கேட்டரிங் அண்ணன் ஒருவரோடு பந்தி பரிமாறப் போவானாம், மூன்று வருஷமாக. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “அதெல்லாம் வேலைங்களா மேடம்?” என்கிறான். சரி, பந்தியில் என்ன செய்வாய், சொல் என்றேன். அதுவரைக்கும் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையில் பதில் சொன்னவன் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. இருநூறு பேர் உட்காருகிற மண்டபத்தில் முதல் பந்தி பாயசத்தைத் தொடும்போதே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்து சொல்லி அனுப்புவார்கள், சாதம் வடிய இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று. அப்போது என்ன செய்வாய்?

“இலை போட்டுத் தண்ணி வெச்சு, இனிப்பை முதல்ல விட்டிருவமுங்க. பொரியலும் கூட்டும் ஒண்ணா விடாம ஒண்ணொண்ணா விடுவோம். அப்பளத்தைக் கையில வெச்சுக்குவோம், கடைசியா நொறுக்கறதுக்கு. அதுக்குள்ள சாதம் வந்துருமுங்க. யாருக்கும் தெரியாது.”

எங்கள் ஃபேக்டரியில் சாயப்பட்டறையில் இருந்து துணி வரத் தாமதமானால் லைனை நிறுத்தாமல் வேறு ஆர்டரை ஓட்டிச் சமாளிப்பதைக் கற்றுக்கொடுக்க ஒருவருக்கு ஆறு மாதம் ஆகும். இவன் அதைச் சாம்பார் வாளியோடு கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், தாளில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு.

அனுபவம் உண்டா என்று கம்பெனிக்காரர்கள் கேட்பதில் பாதி வேறொரு கவலை. புதிதாக வருகிற ஆளுக்கு முதல் மூன்று மாதம் ஒரு சீனியர் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ரெண்டு பேர் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேலைதான் நடக்கும். கற்றுக்கொண்டதும் பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவான். அப்படி நாலு தடவை கை சுட்டுக்கொண்டவர்தான் ‘ரெண்டு வருஷ அனுபவம் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கிறார். நாளைக்கும் வருவாயா, சொன்ன நேரத்துக்கு வருவாயா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. மூன்று வருஷம் விடிகாலை நாலு மணிக்கு மண்டபத்தில் போய் நின்றவனிடம் அதற்குப் பதில் இருக்கிறது. சொன்னால்தானே தெரியும்?

இன்னொரு பெண், பி.காம். அம்மா இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இருந்து தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு எல்லாம் இவள்தான் எழுதியிருக்கிறாள். சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் லோன் தவணை, எல்லாம் கைக்கணக்கு. அவள் ரெஸ்யூமேயில் இருந்தது ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்டல்’. அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்தவள்!

எழுதும்போது எண்ணோடு எழுதுங்கள். ‘நல்ல தலைமைப் பண்பு’ என்பது யார் கண்ணிலும் படாது. ‘திருமணப் பந்தி மேற்பார்வை, மூன்று வருஷம், பன்னிரண்டு பேர் குழு, ஒரு வேளைக்கு அறுநூறு பேர் வரை’ என்றால் கண் நிற்கும். அப்பாவின் மளிகைக் கடையில் ஸ்டாக் எடுத்தது, டியூஷன் எடுத்தது, ஊர்த் திருவிழாவுக்கு வசூல் கணக்குப் பார்த்தது எல்லாவற்றுக்கும் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று போடுங்கள். அந்த கேட்டரிங் அண்ணன் மாதிரி உங்களுக்கு வேலை கொடுத்தவருடைய பேரையும் நம்பரையும், அவரிடம் கேட்டுவிட்டு, விசாரிக்க என்று கீழே கொடுங்கள். நான் போன் செய்து கேட்டிருக்கிறேன்.

ஆனால் இல்லாததை எழுதாதீர்கள். காசு கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருகிற இடங்கள் உண்டு. இப்போது பெரிய கம்பெனிகள் கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எங்கே, எந்தத் தேதி முதல் வேலை செய்தீர்கள் என்று பார்த்துவிடுகின்றன. சேர்ந்த பிறகு மாட்டினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அனுபவம் இல்லாததையே தகுதியாகக் கேட்கிற இடம் ஒன்று உண்டு, நம் பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதில்லை. அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் பயிற்சி. சட்டம் 1961-இல் வந்தது. 1973-இல் இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள், 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. எல்லோருக்கும் கதவு திறந்தது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் கட்டாயம் பழகுநர்களை எடுக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்துக்குத் தென் மாநில அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான என்.ஏ.டி.எஸ். என்று தேடினால் இணையதளம் வரும், பதிவு இலவசம். நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல், நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இந்த வழியாக ஆள் எடுக்கின்றன. 2019 விதியில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் விண்ணப்பிக்க முடியாது. அங்கேயே வேலை நிரந்தரம் ஆகும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து அரசு சான்றிதழோடு வெளியே வரலாம். அப்புறம் ரெஸ்யூமேயில் அந்த ‘இல்லை’ இருக்காது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் கேலி பேசுகிறவர்கள் நிறைய. பதிவு செய்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு இன்டர்வியூ கார்டு வரும் என்று காத்திருப்பது வீண்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கிற முகாம் நடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் ஒரே காலையில் நாலு இன்டர்வியூ ஆகிவிடும். முதல் ரெண்டில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலாவதில் பேச்சு வந்துவிடும். அதற்காகவாவது போங்கள்.

பணம் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். 1997-இல் கோயம்புத்தூரில் ஒரு மாடி ஆபீஸில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 500 ரூபாய் கட்டினேன். அம்மா சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தது. அடுத்த வாரம் போனால் மாடிப்படிக்கே பூட்டு. இன்றைக்கு அது வாட்ஸ்அப்பில் வருகிறது: லேப்டாப்புக்கு டெபாசிட், ட்ரெய்னிங் கட்டணம், யூனிஃபார்ம் காசு. ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் அதே பதில்தான். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தாராபுரம் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. எடுத்துக்கொண்டோம். ஆங்கில மெயிலில் தடுமாறினான், ரெண்டு மாதம் பக்கத்து சீட்டுப் பெண் திருத்திக் கொடுத்தாள். ஆவணியில் ஒரு நாள் என் மேசை முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“மேடம், வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணுமுங்க. பெரிய முகூர்த்தம். அண்ணனுக்கு ஆள் பத்தலையாமா.”

கொடுத்தேன். நன்றி, வணக்கம்.