வைக்கோல் கன்றும் டயர் மாட்டிய ஆடும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். தலைப்பைச் சொன்னதும் நம் தலைவர் அண்ணன், "செத்த மிருகங்களைப் பற்றி ஒரு மணி நேரமா?" என்று முகம் சுளித்தார். அரை மணிதான் அண்ணே. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால் அதற்கும் முன்பே முடித்துவிடுகிறேன்.

தோலை உரித்து, உப்பிட்டு, பதப்படுத்தி, உள்ளே ஓர் உருவம் வைத்துத் தைத்து, விலங்கு உயிரோடு நிற்பதுபோல் நிறுத்துவதற்குத் தமிழில் 'பாடம் செய்தல்' என்று பெயர். எங்கள் குடும்பத்தில் அதைச் செய்தவர் என் தாத்தா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு வைத்திருந்தார். அது ஈன்ற கன்று எட்டாம் நாள் செத்துப்போனது. மாடு பாலை அடக்கிக்கொண்டது. தாத்தா கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தேய்த்து வெயிலில் காயவைத்தார். ஊரில் என்றால் உள்ளே வைக்கோல் அடைப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த லாலாங் புல்லை அடைத்து, கோணி ஊசியால் வயிற்றைத் தைத்தார். காலுக்கு நான்கு குச்சிகள். கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான். ஆனாலும் பெயர் வைக்கோல் கன்றுதான். பாட்டி அதை மாட்டின் முன்னே வைப்பார். மாடு நக்கும். பால் சுரக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்கு வாருங்கள். 1955 வாக்கில் ராபர்ட் ரவுஷன்பெர்க் என்ற ஓவியர், பழைய அலுவலகச் சாமான் விற்கும் கடையில் பாடம் செய்த அங்கோரா ஆடு ஒன்றைப் பார்த்தார். விலை 35 டாலர். கையில் இருந்த 15 டாலரைக் கொடுத்து ஆட்டைக் கொண்டுவந்தார். அதன் முகம் சேதமாகியிருந்தது. மறைக்கப் பார்த்தாரா? இல்லை. அதன்மேலேயே பல நிறங்களில் சாயத்தை அப்பினார். எப்படி நிறுத்தினாலும் ஆடு ஆடாகவே இருந்து அவரைப் படுத்தியது. மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்து, 1959இல்தான் படைப்பு முடிந்தது. ஆட்டின் இடுப்பில் ஒரு டயர். அது நிற்பதோ, சுவரில் மாட்ட வேண்டிய ஓவியத்தைத் தரையில் கிடத்தியதுபோன்ற ஒரு பலகைமேல். 'மோனோகிராம்' என்ற அந்தப் படைப்பு இப்போது ஸ்டாக்ஹோம் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விமர்சகர்கள் ஆட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது டயர். அந்த ரப்பர் எந்த மரத்துப் பால் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மலாயா ரப்பரை அப்போது வாங்கிக் குவித்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. வாளி சுமந்த வீட்டில் பிறந்தவனுக்குக் கலைப்பார்வை இப்படித்தான் வரும். மன்னிக்க வேண்டும்.

அடுத்தது சுறா. 1991இல் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், ஆஸ்திரேலியக் கடலில் பிடிக்கச் செய்த வேங்கைச் சுறாவைக் கண்ணாடித் தொட்டியில், உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் மிதக்கவிட்டார். இதைப் பாடம் செய்தது என்று சொல்ல முடியாது. ஊறுகாய்க் கணக்கு. ஆனால் மருந்து உள்ளே சரியாக ஏறாததால் உடல் அழுகத் தொடங்கியது, தண்ணீர் கலங்கியது. 1993இல் தோலை உரித்துக் கண்ணாடியிழை அச்சின்மேல் இழுத்துப் போர்த்தினார்கள். அதாவது, அப்போதுதான் அது உண்மையிலேயே பாடம் செய்த சுறாவானது. ஹர்ஸ்டுக்குப் பிடிக்கவில்லை. கனம் போய்விட்டது என்று அவருக்குப் பட்டது. 2006இல் வேறொரு சுறாவைப் பிடித்து வைத்தார்கள். காட்சிக்காக இரண்டாவது முறையும் ஓர் உயிரைக் கொல்வதை என்னால் ரசிக்க முடியவில்லை. மாறாக, பாலி மோர்கன் போன்ற கலைஞர்கள் தானாக இறந்த, விபத்தில் இறந்த பறவைகளையும் விலங்குகளையும் மட்டுமே எடுக்கிறார்கள்.

ஸ்டீவ் பேக்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2000இல் வெளிவந்த தம் நூலில், வேண்டுமென்றே உருக்குலைவைக் காட்டும் இந்த வகைக்குப் 'பிசகிய பாடம்' என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். பழைய கைவினைஞர் தையலை மயிருக்குள் மறைப்பார், கண்ணாடிக் கண்ணில் ஈரம் தெரியச் செய்வார். இன்றைய கலைஞர் தையலைக் காட்டுகிறார். உயிர் இருக்கிறது என்று நம்மை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. உயிர் போனது என்று தெரிந்தபிறகும் நம்மால் விலகிப் போக முடிகிறதா என்று பார்க்கிறார். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 1996இல் வைத்த, பாடம் செய்த அணில் அப்படி. குட்டிச் சமையலறை மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறது. தரையில் துப்பாக்கி. தொட்டியில் கழுவாத பாத்திரங்கள். அந்தப் பாத்திரங்கள்தான் என்னைக் கலங்கடித்தன.

பிரிண்டிஸ் ஸ்னைபியர்ன்ஸ்டோத்திர், மார்க் வில்சன் என்ற இரு கலைஞர்கள் வேறொன்று செய்தார்கள். பிரிட்டன் முழுவதும் தேடி, அருங்காட்சியகங்களிலும் மாளிகைகளிலும் பாடம் செய்யப்பட்டு நின்ற 34 பனிக்கரடிகளைக் கண்டுபிடித்தார்கள். எங்கே சுடப்பட்டது, யாரால், எப்படி இங்கே வந்தது என்று ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தேடினார்கள். 2004இல் 10 கரடிகளை பிரிஸ்டலில் ஒரே கூடத்தில் நிறுத்தினார்கள்.

அதைப் படித்தபோது, பாட்டி தூசு தட்டப் போன துரை பங்களாவின் புலித்தலை நினைவுக்கு வந்தது. கீழே பித்தளைத் தகட்டில் துரையின் பெயர் உண்டு. காட்டைக் கலைத்துப் புலியை விரட்டி வந்தவர்களின் பெயர் இல்லை. அந்தப் புலி எந்தக் காட்டுப் புலி என்பதும் இல்லை. இன்று நம் நாட்டுக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. வீட்டில் பழைய தோல் வைத்திருப்பவர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010ஐ ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாடம் செய்யும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும்.

மழை வந்துவிட்டது, முடிக்கிறேன். மாடு ஏமாந்தது என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். பாட்டி வேறு மாதிரி சொல்வார். சில வாரங்களில் கன்றின் வயிற்றுத் தையல் விட்டுப்போய் லாலாங் வெளியே தொங்கியதாம். மாடு வழக்கம்போல் நெற்றியை நக்கியது, கழுத்தை நக்கியது, வயிற்றுக்கு வந்ததும் அந்தப் புல்லை இழுத்து மென்றது. பாட்டி கறந்துகொண்டுதான் இருந்தார். பால் நிற்கவில்லை.